நூறு லிட்டர் குளம்: ஒரே தொட்டி, இரண்டு முயற்சிகள்

எங்கள் வீட்டுத் தோட்டத்தில் இப்போது ஒரு சின்னக் குளம் இருக்கிறது. குளம் என்று பெயர்தானே தவிர, அது ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டி. வாய் 60 சென்டிமீட்டர் அகலம், ஆழம் 40 சென்டிமீட்டர். அதில் ஒரு குள்ள அல்லி, ஒரு கொத்து வேலம்பாசி (பெயரில் பாசி இருந்தாலும் தண்ணீருக்குள் வளரும் செடி), விளிம்போரம் வல்லாரை, மூன்று கப்பி மீன்கள். காலையில் குனிந்து பார்த்தால் அடியில் கிடக்கும் கூழாங்கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும்.

இதே தொட்டியில் முதல் முறை குளம் அமைத்தபோது ஒரே மாதத்தில் மூன்று முறை தண்ணீரைக் கொட்டினோம். நான்கு மீன்களைப் பறிகொடுத்தோம். போதாக்குறைக்குக் கொசுவையும் வளர்த்தோம். இரண்டு முறையும் தொட்டி ஒன்றுதான், தண்ணீர் வந்த குழாயும் ஒன்றுதான், பார்த்துக்கொண்ட ஆட்களும் நாங்களேதான். அப்படியிருக்க எது மாறியது என்பதைத் தேடிப் பார்த்ததில் தெரிந்தவற்றை, தேதி போட்டு மகள் எழுதி வைத்த நோட்டின் துணையோடு இங்கே எழுதுகிறேன்.

மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீடு

செடி, மீன் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு குழந்தைகள். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு மூன்று. சின்னக் குழந்தை மூழ்குவதற்கு ஆழமான தண்ணீர் தேவையே இல்லை. மூக்கும் வாயும் மூடும் அளவுக்கு, அதாவது ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் போதும். நடக்கப் பழகிய குழந்தைகளுக்கு உடம்போடு பார்க்கத் தலை கனம். தொட்டிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் அவர்களால் நிமிர முடியாது. கத்தவும் முடியாது, சத்தமே வராது. வேலை செய்துகொண்டே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று நினைப்பது பெரிய தவறு.

முதல் முயற்சியில் தொட்டியின் மேல் வெறும் நைலான் வலையைக் கட்டியிருந்தோம். கையால் அழுத்திப் பார்த்தால் தண்ணீருக்குள் அமிழ்ந்தது. அதைப் பாதுகாப்பு என்று சொல்லவே கூடாது. இரண்டாவது முறை, கழற்றிப் போட்டிருந்த பழைய ஜன்னல் கம்பிச் சட்டத்தைத் தொட்டியின் வாய்க்கு ஏற்ப வெட்டி, முனைகளை ராவி, விளிம்பின் மேல் உட்கார வைத்து, நான்கு இடத்தில் முறுக்குக் கம்பியால் கட்டினோம். கம்பிகளுக்கு இடையே ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி. அல்லி இலை சுருண்டு மேலே வர அது போதும், குழந்தையின் தலை போக வழி இல்லை. அதன் மேல் என் முழு எடையையும் கொடுத்து அழுத்திப் பார்த்தேன்; வளையவில்லை. சட்டம் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், தண்ணீருக்குள் இருந்தால் பயனில்லை. இத்தனைக்குப் பிறகும் பெரியவர் யாரும் பக்கத்தில் இல்லாமல் மகனைத் தோட்டத்தில் விடுவதில்லை.

முதல் முயற்சி

தொட்டி முன்பு தண்ணீர் பிடித்து வைக்கப் பயன்பட்டது. அதனால் அதில் என்ன இருந்தது என்ற கவலை இல்லை. பூச்சிமருந்தோ பெயின்டோ இருந்த பாத்திரத்தை எத்தனை முறை கழுவினாலும் குளத்துக்கு எடுக்கக் கூடாது. செம்பு, துத்தநாகம் பூசிய தகரம் இரண்டும் மீனுக்கும் நத்தைக்கும் ஆகாது. புது சிமென்ட் தொட்டியில் சுண்ணாம்பு கசியும். எங்களுடையது சாதாரண பிளாஸ்டிக், நல்லதாகப் போயிற்று.

தோட்டத்தின் நடுவே, நாள் முழுக்க வெயில் விழும் இடத்தில் வைத்தோம். பூ வேண்டும் என்றால் வெயில் வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தோம். அல்லியை மாடித் தோட்டத்துக்கு வாங்கி வைத்திருந்த மண்கலவையில் நட்டோம். தொழு உரமும் மட்கிய இலையும் கலந்த கறுப்பான, பொலபொலவென்ற கலவை. ரோஜாவுக்கு அது அமிர்தம். குழாயிலிருந்து டியூப் போட்டு நேரடியாக நிரப்பினோம். மூன்றாம் நாளே ஆறு மீன்களை விட்டோம்; மகள் அதற்கு மேல் பொறுக்கவில்லை, எங்களுக்கும் பொறுமை இல்லை. காலையும் மாலையும் ஒரு சிட்டிகைத் தீனி.

ஐந்தாம் நாள் தண்ணீரில் லேசாகப் பச்சை. எட்டாம் நாள் கையை விட்டால் மணிக்கட்டு தெரியாத அளவுக்குப் பச்சை. கொட்டிக் கழுவி மறுபடி நிரப்பினோம். ஒரு வாரத்தில் அதே பச்சை. மறுபடி கொட்டினோம். மூன்றாம் முறை கொட்டியபோது என் மனைவி கேட்டாள்: "கழுவக் கழுவ இன்னும் வேகமா பச்சையாகுது, கவனிச்சீங்களா?" நோட்டைப் பார்த்தோம். முதல் தடவை எட்டு நாள், அடுத்தது ஏழு, அதற்கடுத்தது ஐந்து. அவள் சொன்னது சரி.

தண்ணீரைப் பச்சையாக்குவது கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசி. அதற்கு வேண்டியவை மூன்று: வெளிச்சம், சூடு, உணவு. நடு வெயிலில் வைத்து முதல் இரண்டையும் கொடுத்தோம். உணவு தொட்டிக்குள்ளேயே இருந்தது, அந்த உரக் கலவையில். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதிலிருந்து நாள்தோறும் கசிந்தபடி இருக்கும். நாங்கள் கொட்டியது தண்ணீரை மட்டும்தான். உரம் நிறைந்த பூத்தொட்டியைப் பத்திரமாக எடுத்து வைத்து, கழுவி முடித்ததும் திரும்ப உள்ளே இறக்கினோம். ஒவ்வொரு முறை கழுவியபோதும் சுவரில் ஒட்டியிருந்த நல்ல பாக்டீரியா போயிற்று. பாசியைத் தின்ன வந்திருக்கும் நுண்ணுயிர்கள் போயின. அல்லி வேர் அசைந்து, புது இலை விடாமல் நின்றது. பாசிக்குப் போட்டியாக இருந்த எல்லாவற்றையும் நாங்களே அகற்றிவிட்டு, பாசிக்கு மட்டும் சோறு போட்டோம்.

விடியற்காலையில் வாய் திறந்த மீன்கள்

இரண்டாவது முறை தண்ணீர் பச்சையாகி இருந்த நாட்களில், காலை ஆறு மணிக்கு எழுந்த மகள் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தாள். "அப்பா, மீனுக்குப் பசிக்குது போல." நானும் அப்படித்தான் நினைத்தேன். தீனி போட்டோம். மதியம் பார்த்தபோது எல்லாம் சுறுசுறுப்பாக நீந்தின. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் காலையில் நான்கு மீன்கள் மிதந்தன.

பசி இல்லை, மூச்சுத் திணறல். பாசி பகலில் பிராணவாயுவை வெளிவிடும், இரவில் நம்மைப் போலவே அதை எடுத்துக்கொள்ளும். பச்சைப் பசேல் என்று இருக்கும் தொட்டியில் இரவு முழுக்கக் கோடிக்கணக்கான பாசிச் செல்கள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். அதனால் விடியற்காலையில்தான் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவு. வெயில் ஏறியதும் நிலைமை சீராகிவிடுவதால் மதியம் பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது. இதோடு சூடும் சேர்ந்தது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் சுமார் 7.5தான். எங்கள் தொட்டி மதியம் மூன்று மணிக்கு 37 டிகிரி காட்டியது.

மூன்றாவது காரணம் அம்மோனியா. மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாக மாறும். அதை ஒரு வகைப் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்ற, இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் மீனை அவ்வளவாக வருத்தாது, செடிக்கும் உணவாகும். ஆனால் இந்தப் பாக்டீரியாக்கள் தொட்டியில் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நாங்கள் மூன்றாம் நாளே மீன் விட்டோம், அப்புறம் வாரா வாரம் கழுவினோம். போதாததற்கு, பாசி பகலில் கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும்போது தண்ணீரின் காரத்தன்மை ஏறும். காரம் ஏற ஏற, அதே அளவு அம்மோனியா இன்னும் அதிக விஷமாகும். மேலே வந்த மீனுக்கு நான் போட்ட தீனியும் அந்த அம்மோனியாவோடுதான் சேர்ந்தது.

மிஞ்சிய இரண்டு மீன்களையும் மீன் தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் கொடுத்தோம். அன்று மகள் நோட்டில் எதுவும் எழுதவில்லை. இன்றும் அந்தப் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை ஊற்றினால் திங்கட்கிழமை புழு

எங்களை அதிகம் குழப்பியது கொசுதான். இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தொட்டிக் குளம் வைக்கும் எல்லார் வீட்டிலும் இந்தக் கேள்வி வரும்.

மீன்கள் போன பிறகு தொட்டியில் கொசுப்புழு வந்தது. அதில் வியப்பில்லை. ஆனால் தொட்டியைக் காலி செய்து, தேய்க்காமல் வெறுமனே அலசி, புதுத் தண்ணீர் பிடித்த இரண்டே நாளில் மறுபடியும் புழு நெளிந்தது. மேலே வலை கட்டியிருந்தும் வந்தது. மகளுக்கு அது பெரிய புதிராகிவிட்டது. தினமும் பூதக்கண்ணாடியோடு போய் உட்கார்ந்துவிடுவாள். "சிலது நேரா தலைகீழா தொங்குது, சிலது கமா மாதிரி வளைஞ்சிருக்கு" என்று வந்து சொன்னாள். தலைகீழாகத் தொங்குபவை புழுக்கள். வால் பக்கம் இருக்கும் குழலைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி மூச்சு விடும். கமா போல வளைந்திருப்பவை கூட்டுப்புழுக்கள். ஓரிரு நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். வெப்பமான காலத்தில் முட்டை பொரிந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும்.

நோட்டில் அவள் எழுதியிருந்த இரண்டு வரிகள்தான் வழி காட்டின. "சனி: தண்ணீர் குறைந்தது, விளிம்பு வரை ஊற்றினோம். திங்கள்: குட்டிப் புழு நிறைய." அடுத்த வாரமும் அதே இரண்டு வரி. அதற்கடுத்த வாரமும்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பொதுவாகத் தண்ணீரில் முட்டையிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமாக இருக்கும் சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டி வைக்கும். முட்டை கறுப்பு நிறம், ஒரு மில்லிமீட்டரை எட்டாது. காய்ந்தாலும் சாகாது, மாதக்கணக்கில் அப்படியே காத்திருக்கும். மட்டம் ஏறி அதன் மேல் தண்ணீர் படும்போது பொரியும். வெயில் நாட்களில் எங்கள் தொட்டியில் நாளொன்றுக்கு ஒரு சென்டிமீட்டர்வரை மட்டம் இறங்கும். ஆறு நாளில் நான்கு விரற்கடைச் சுவர் வெளியே தெரியும், கொசு வந்து ஒட்டிவிட்டுப் போகும். சனிக்கிழமை நாங்கள் விளிம்பு வரை நிரப்பும்போது அத்தனை முட்டைகளும் தண்ணீருக்குள் போகும். தொட்டியைக் கவிழ்த்து அலசியபோதும் முட்டைகள் சுவரில் ஒட்டியபடியேதான் இருந்தன. வலை பழுதில்லாமல் இருந்தும் புழு வந்தது இதனால்தான். வலை போடுவதற்கு முன்பே முட்டைகள் சுவரில் இருந்தன.

தொட்டியைக் காயவைத்துச் சாய்த்தபோது இதைக் கண்ணால் பார்த்தோம். தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலே மிளகுத்தூளைத் தூவியது போல ஒரு கறுப்புப் பட்டை. விரலால் தடவினால் வரவில்லை. நார்த் தேய்ப்பானால் அழுத்தித் தேய்த்த பிறகுதான் போயிற்று. தேய்த்த தண்ணீரை வாய்க்காலில் விடாமல், தண்ணீர் தேங்காத காய்ந்த மண்ணில் கொட்டினோம்.

க்யூலெக்ஸ் வகைக் கொசு வேறு மாதிரி. அது தண்ணீரின் மேலேயே நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளைச் சேர்த்துச் சின்னப் படகு போல மிதக்க விடும். அதை டீ வடிகட்டியால் அள்ளி எடுத்துவிடலாம். அனாபிலிஸ் புழு தொங்காது, மேற்பரப்புக்கு இணையாகப் படுத்திருக்கும். எது வருகிறது என்று அடையாளம் தெரிந்தால் என்ன செய்வது என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டாவது முறை

ஒரு மாதம் தொட்டியைக் கவிழ்த்து வைத்திருந்துவிட்டு மறுபடி தொடங்கினோம்.

முதலில் இடம். வீட்டின் கிழக்குப் பக்கத்தில் காலை வெயில் ஐந்து மணி நேரம் விழும், பதினொன்றரைக்கு மேல் சுவர் நிழல் வந்துவிடும். அல்லி பூக்க நான்கிலிருந்து ஆறு மணி நேர வெயில் வேண்டும். அது கிடைக்கிறது, பிற்பகல் கொதிப்பு இல்லை. இங்கே மதியம் மூன்று மணிக்கு 30 டிகிரியைத் தாண்டவில்லை. மரத்தடி வேண்டாம் என்று முடிவு செய்தோம். நிழல் நல்லதுதான், ஆனால் உதிரும் இலை தண்ணீருக்குள் அழுகி உரமாகும்.

விளிம்புக்கு ஐந்து சென்டிமீட்டர் கீழே வரை நிரப்பினால் இந்தத் தொட்டி 99 லிட்டர் கொள்ளும். கணக்கு எளிது: வாயின் பாதி அகலம் 30, அதைத் தன்னாலேயே பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, தண்ணீர் ஆழம் 35-ஆல் பெருக்கி, ஆயிரத்தால் வகுக்க வேண்டும். தண்ணீர் மட்டும் 99 கிலோ. நிரப்பிய பிறகு நகர்த்துவது என்ற பேச்சே இல்லை. அதனால் தரையை இடித்துச் செங்கல் பரப்பி, கொத்தனார் வைக்கும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட்டியை வைத்தோம். சின்னச் சாய்வுகூடத் தண்ணீர் வந்ததும் பளிச்சென்று தெரியும்.

மண்தான் பெரிய மாற்றம். தோட்டத்தில் ஒரு முழம் தோண்டி, மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அடியில் இருந்த களிமண்ணை எடுத்தோம். சத்தில்லாத மண் என்று நாம் ஒதுக்கும் அதே மண். ஈரமாக்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தேன். பென்சில் தடிமனுக்கு உருட்டி, வளைத்தாலும் விரிசல் விடவில்லை. அந்த மண் தண்ணீரில் கரைந்து கலங்காது, கசிய விடவும் அதில் உரம் இல்லை. வாய் அகலமான பிளாஸ்டிக் கூடைக்குள் பழைய பருத்தித் துணி விரித்து, முக்கால் பாகம் களிமண் போட்டு, அல்லிக் கிழங்கைக் குருத்து மேலே தெரியும்படி நட்டு, மேலே இரண்டு சென்டிமீட்டர் சரளைக்கல் பரப்பினோம். கூடையை முன்கூட்டியே நனைத்து, சாய்வாக மெல்ல இறக்கினால் உள்ளிருக்கும் காற்று குமிழியாக வெளியேறிவிடும். அவசரப்பட்டு அமுக்கினால் மண்ணைக் கிளப்பிக்கொண்டு வரும்.

கூடையை உடனே அடியில் வைக்கவில்லை. செங்கல் அடுக்கி, குருத்துக்கு மேல் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் இருக்கும்படி வைத்தோம். இலைகள் மேலே எட்டியதும் ஒரு செங்கல், இரண்டு வாரம் கழித்து இன்னொன்று என்று எடுத்தோம். ஐந்தாறு தண்டு வேலம்பாசியைச் சேர்த்து ஒரு கல்லோடு கட்டிப் போட்டோம். வல்லாரையை விளிம்போரம் அடுக்கிய கல்லில் சொருகினோம். அந்தக் கற்கள் தேனீ வந்து தண்ணீர் குடிக்கவும், தவறி விழுந்த சின்ன உயிர்கள் ஏறிப் பிழைக்கவும் படிக்கட்டு. வழுவழுப்பான பிளாஸ்டிக் சுவரில் எதனாலும் ஏற முடியாது. ஒரு பக்கமாவது சொரசொரப்பான சரிவு கட்டாயம் வேண்டும்.

தண்ணீர் பாதி மழைநீர், பாதி குழாய்த் தண்ணீர். குழாய்த் தண்ணீரை வாளிகளில் பிடித்து இரண்டு நாள் திறந்து வைத்தோம். குளோரின் அப்படியே போய்விடும். குளோரினோடு அம்மோனியா சேர்ந்த குளோரமைன் கலந்து வரும் ஊர்களில் காத்திருப்பது மட்டும் போதாது, அதற்கென்று உள்ள மருந்து சொட்டு தேவைப்படும், அல்லது முழுக்க மழைநீரே நல்லது.

செலவு என்று பார்த்தால் காசு கொடுத்து வாங்கியவை அல்லிக் கிழங்கு, வேலம்பாசி, ஒரு சின்னப் பொட்டலம் கொசுப்புழு மருந்து, பிற்பாடு மூன்று மீன்கள். மற்ற எல்லாம் வீட்டில் கிடந்தவை. மோட்டார், வடிகட்டி எதுவும் இல்லை. இந்த அளவுக் குளத்துக்கு அவை தேவையும் இல்லை.

வெள்ளைத் தட்டு

இரண்டாவது முறையும் தண்ணீர் பச்சையானது. பன்னிரண்டாம் நாள் நல்ல பச்சை. நான் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். மனைவி வாளியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு வாரம் பாப்போங்க, இந்தத் தடவை உரம் இல்லையே" என்றாள்.

வெறுமனே காத்திருக்க முடியாமல் மகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். 1865-இல் இத்தாலிய வானியலாளர் ஆஞ்சலோ செக்கி, போப்பாண்டவரின் கப்பலிலிருந்து மத்தியதரைக் கடலில் வெள்ளை வட்டை இறக்கி, அது கண்ணிலிருந்து மறையும் ஆழத்தை வைத்துத் தண்ணீரின் தெளிவை அளந்தார். இன்றும் ஏரிகளில் அதே முறை உண்டு. நாங்கள் ஒரு சின்ன வெள்ளைத் தட்டில் மூன்று ஓட்டை போட்டு நூல் கட்டி, நூலில் சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டுக் கொடுத்தோம். வாரம் ஒரு நாள், காலை ஒன்பது மணிக்கு, ஒரே இடத்தில் நின்று இறக்க வேண்டும்.

இரண்டாம் வாரம் 9 முடிச்சில் தட்டு மறைந்தது. மூன்றாம் வாரம் 11. நான்காம் வாரம் 17. அந்த வாரம்தான் அல்லியின் நான்காவது இலை மேலே வந்து விரிந்தது. வேலம்பாசி இரண்டு மடங்காகியிருந்தது. ஐந்தாம் வாரம் இரவில் டார்ச் அடித்துப் பார்த்தபோது தண்ணீரில் குண்டூசித் தலை அளவுப் புள்ளிகள் துள்ளித் துள்ளி ஏறி இறங்கின. டாஃப்னியா. நாங்கள் விடவில்லை, செடியோடு ஒட்டி வந்திருக்க வேண்டும். ஒற்றைச் செல் பாசியை வடிகட்டித் தின்னும் உயிர் அது. ஆறாம் வாரம் 26. ஏழாம் வாரம் தட்டு அடியைத் தொட்டது, அப்போதும் வெள்ளையாகத் தெரிந்தது. மகள் நோட்டில் "முழுசா தெரியுது!!!" என்று மூன்று ஆச்சரியக்குறி போட்டிருக்கிறாள்.

தண்ணீரில் கரைந்திருக்கும் சத்து எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். செடிகள் வளர்ந்து அதை இழுத்துக்கொள்ளும்வரை பாசி எடுத்துக்கொள்ளும். செடி பிடித்துக்கொண்டதும் பாசி தானாக மெலியும். மேற்பரப்பில் பாதியை இலை மூடினால் வெளிச்சமும் குறையும். அதனால் வளர்ந்த வேலம்பாசியை வாரம் ஒரு கைப்பிடி கிள்ளி மட்கு குழியில் போடுகிறோம். அப்படிக் கிள்ளும்போதுதான் உண்மையில் சத்து தொட்டியை விட்டு வெளியேறுகிறது. பழுத்த அல்லி இலையைத் தண்டோடு அடியிலேயே நறுக்கிவிட வேண்டும்.

கிள்ளியதை ஓடையிலோ ஏரியிலோ வீசக் கூடாது. வெங்காயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காக எடுத்துப் போகப்பட்ட செடிதான். இன்று எத்தனையோ நாடுகளின் ஏரிகளை மூச்சுத் திணற வைக்கிறது. பூ அழகாக இருக்கிறது என்று எங்களுக்கும் ஒருவர் அதைத் தர வந்தார். மறுத்துவிட்டோம்.

மீன் விடுவதா, வேண்டாமா

இந்தக் கேள்வியில் வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடந்தது. மகளுக்கு மீன் வேண்டும். என் மனைவிக்குத் தட்டானும் தவளையும் வர வேண்டும். மீன் இருந்தால் டாஃப்னியாவையும் தலைப்பிரட்டையையும் தட்டானின் இளம் பருவத்தையும் தின்னும். தட்டான் இளசுகளே கொசுப்புழுவை வேட்டையாடும், உண்மைதான். ஆனால் அவை எப்போது வரும், எத்தனை வரும் என்பது நம் கையில் இல்லை. டெங்கு வரக்கூடிய இடத்தில், சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில், அதை மட்டும் நம்பி இருக்க எனக்கு மனமில்லை.

முதல் எட்டு வாரம் மீன் இல்லை. அந்த நாட்களில் மூன்று காரியம் செய்தோம். தினமும் காலையில் குவளையால் ஊற்றி மட்டத்தை ஒரே கோட்டில் வைத்தோம். ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஊற்ற வேண்டியது மூன்று லிட்டருக்கும் குறைவு. வாரம் ஒரு முறை கோட்டுக்கு மேலே சுவரை நார் போட்டுத் தேய்த்தோம். அப்புறம் பி.டி.ஐ. என்ற மருந்து. இது ஒரு மண் பாக்டீரியா, 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. கொசுப்புழு இதைத் தின்றால் குடல் சிதைந்து சாகும். மீனையும் தவளையையும் தேனீயையும் இது ஒன்றும் செய்யாது. ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கூட்டுப்புழு எதையும் தின்னாது, அதனால் அதற்கு இந்த மருந்து வேலை செய்யாது. கமா வடிவில் இருப்பவற்றை வடிகட்டியால் அள்ளிவிட வேண்டும். மருந்தின் வீரியமும் நாளாகக் குறையும், பொட்டலத்தில் போட்டிருக்கும் இடைவெளியில் மறுபடி போட வேண்டும்.

எட்டாம் வாரம் மூன்று கப்பி மீன்களை விட்டோம். மூன்றும் ஆண். கப்பி குட்டி போடும் மீன். ஆணும் பெண்ணும் இருந்தால் மாதம் ஒரு ஈடு வந்து சீக்கிரமே தொட்டி தாங்காது. ஒற்றைப் பெண் கப்பிகூட முன்பே சேர்ந்திருந்தால் மாதக்கணக்கில் குட்டி போடும். கொசு ஒழிப்புக்கென்று சொல்லி கம்பூசியாவைத் தருவார்கள். அது போன பல இடங்களில் அந்தந்த ஊர் மீன்களையும் தவளைகளையும் அழித்த மீன், வேண்டாம். கப்பியையும் நீர்நிலையில் விட்டுவிடக் கூடாது. குளிர் அதிகமான இடங்களில் கப்பி திறந்த தொட்டியில் தாங்காது. அங்கே மீன் இல்லாமல் மருந்தும் தேய்ப்பும் போதும்.

தீனி போடுவதில்லை. இது மகளுக்குக் கஷ்டமாக இருந்தது. மூன்று மீன்களுக்கு இந்தத் தொட்டியில் கிடைக்கும் பூச்சியும் பாசியும் தாராளம் என்பதை, நான்கு மாதமாக அவை தளதளவென்று இருப்பதைப் பார்த்து அவளே ஒப்புக்கொண்டாள். விடியற்காலையில் இப்போதும் போய்ப் பார்க்கிறேன். ஒரு மீன்கூட மேலே வந்து வாய் திறப்பதில்லை.

இப்போது

வாரத்துக்குப் பத்து நிமிட வேலை. தண்ணீரை ஒரு முறைகூட முழுசாக மாற்றவில்லை. ஊற்ற ஊற்றத் தண்ணீரில் உப்பு சேரும் என்பதால் முடிந்தவரை மழைநீரையே ஊற்றுகிறோம். ஓரத்தில் நூல் பாசி கொஞ்சம் வருகிறது. ஒரு குச்சியை விட்டு முறுக்கினால் பஞ்சு மிட்டாய் போலச் சுற்றிக்கொண்டு வந்துவிடும்.

பதினைந்தாம் வாரம் வல்லாரைத் தண்டில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று மகள் கூப்பிட்டாள். ஓர் அங்குல நீளத்தில், மெல்லிய காகிதம் போன்ற பழுப்புத் தோல். ஆறு கால்களும் தண்டைக் கெட்டியாகப் பிடித்திருந்தன. முதுகில் ஒரு பிளவு, அதிலிருந்து வெள்ளை நூல் இரண்டு தொங்கியது. ஊசித்தட்டான் கழற்றிவிட்டுப் போன சட்டை. மீன்களுக்குத் தப்பி வேலம்பாசிக்குள் வளர்ந்திருக்கிறது. என் மனைவி அன்று வேலைக்குத் தாமதமாகத்தான் கிளம்பினாள். அதற்குப் பிறகு இன்னும் நான்கு சட்டைகள் கிடைத்தன. எல்லாம் ஒரு தீப்பெட்டியில் இருக்கின்றன.

அல்லி இதுவரை ஏழு பூ விட்டது. உரம் இல்லாத களிமண் என்பதால், மூன்றாம் மாதத்தில் சிறிய உர வில்லை ஒன்றைக் களிமண்ணில் பொதித்து வேருக்குப் பக்கத்தில் ஆழமாகச் செருகினேன். தண்ணீரில் கலங்கவில்லை, தட்டும் அடிவரை தெரிந்தது. இப்போது கூடை நிறைந்துவிட்டது, இலைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன. கிழங்கைப் பிரிக்க வேண்டும். குருத்து உள்ள துண்டாகப் பார்த்து, கூர்மையான கத்தியால் நறுக்கி, அழுகிய பாகத்தைக் கழித்துவிட்டுப் புதுக் களிமண்ணில் நட வேண்டும். பாதி எங்களுக்கு, பாதி பக்கத்து வீட்டுக்கு. அவர்களிடம் உடைசல் இல்லாத பழைய தொட்டி ஒன்று இருக்கிறது. ரசமட்டத்தையும் ஜன்னல் கம்பி வெட்டிய ரம்பத்தையும் நேற்றே வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.